ஒரு படம், முப்பது கோப்புகள், ஓர் அமானிதம்



கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவரும் வீட்டின் முன்னறையில் இரண்டு கணினிகளை வைத்துக்கொண்டு இணையதளங்களை வடிவமைக்கும் தொழிலைச் செய்து வருகிறோம். அதில் நாங்கள் செய்த ஒரு பிழையையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறோம். இத்தொழிலில் இருக்கும் பிள்ளைகள் இன்று பல வீடுகளில் உண்டு. அவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

பர்தா விற்கும் கடை ஒன்றிற்கு நாங்கள் இணையதளம் செய்து கொடுத்திருந்தோம். அதற்கென எங்களிடம் முப்பது போட்டோஷாப் கோப்புகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு பேனர். ஒவ்வொரு பேனரின் அடியிலும் கடையின் லோகோவும் தொலைபேசி எண்ணும் கொண்ட ஒரு பட்டை இருந்தது. முதல் கோப்பில் அந்தப் பட்டையை ஒருமுறை செய்து, மற்றவற்றில் நகலெடுத்து ஒட்டிக்கொண்டே போனோம். வேலை விரைவாக முடிந்தது, நாங்களும் மகிழ்ந்தோம்.

பின்னர் கடைக்காரர் பழைய எண்ணைக் கைவிட்டுப் புதிய எண்ணுக்கு மாறினார். அன்று தளத்தில் இருந்த இருபத்தேழு பேனர்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணை மாற்றினோம். மீதி மூன்றும் முந்தைய ஆண்டின் பெருநாள் சலுகைக்கானவை. அவை தனிக் கோப்புறையில் உறங்கிக் கிடந்தன. நாங்கள் அவற்றை நினைக்கவேயில்லை.

அடுத்த ரமழான் வந்தது. தராவீஹ் முடிந்து வந்து அவசர அவசரமாக அந்தப் பெருநாள் பேனரைத் திறந்தோம். தேதியை மாற்றினோம், தள்ளுபடியை மாற்றினோம், தளத்தில் ஏற்றினோம். அடியில் இருந்த பட்டையை இருவருமே பார்க்கவில்லை.

நான்கு நாட்கள் கழித்துக் கடைக்காரர் அழைத்தார். ஒரு பெண்மணியின் சகோதரர் கடைக்கு நேரில் வந்து வருத்தப்பட்டுவிட்டுச் சென்றாராம். கடைக்காரர் கைவிட்ட எண், தொலைபேசி நிறுவனத்தின் வழியாக அந்தப் பெண்மணியிடம் போய்ச் சேர்ந்திருந்தது. கணவரை இழந்து இத்தாவில் இருந்தவர் அவர். இரவும் பகலும் அறிமுகமற்ற ஆண்களும் பெண்களும் அவரை அழைத்தவண்ணம் இருந்திருக்கிறார்கள்.

எங்களில் மனைவிதான் அவரிடம் பேசி மன்னிப்புக் கேட்டார். “மாமி, எங்க கைத்தப்புதான், மன்னிச்சுக்கங்க” என்றதற்கு அந்த அம்மா கோபமாக எதுவும் சொல்லவில்லை. “நீங்க வேணும்னு செய்யலன்னு தெரியும்மா. போன் அடிச்சா சவூதியிலிருந்து மகன்தான் கூப்பிடுறான்னு ஓடி வருவேன். எடுத்தா யாரோ பர்தா விலை கேப்பாங்க. அவன் கூப்பிடுவான்னு போனை அணைச்சு வைக்கவும் மனசு வரல” என்றார். அவர் எங்களைத் திட்டியிருந்தால்கூட மனம் சற்று ஆறியிருக்கும்.

அன்றிரவே படத்தை மாற்றினோம். ஆயினும் அழைப்புகள் உடனே நிற்கவில்லை. பழைய பெயரிலேயே புதிய படத்தை ஏற்றியிருந்தோம். முன்பு அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்களின் பிரௌசர், தான் சேமித்து வைத்திருந்த பழைய படத்தையே காட்டியது. இது புரிந்தபின் கோப்பின் பெயரையே மாற்றி ஏற்றினோம். அதன் பிறகே அந்த வீட்டில் அமைதி திரும்பியது.

இந்தப் பிழைக்கு மருந்து நெடுநாளாகவே எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பதுதான் வெட்கம். அச்சகங்களில் பேஜ்மேக்கரில் பக்கம் கட்டியவர்கள் இதை முன்பே அறிவார்கள். அங்கே படம் தனிக் கோப்பாக இருக்கும். பக்கம் அதைச் சுட்டி நிற்கும். போட்டோஷாப்பில் 2005இல் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் வந்தது. ஆனால் அது கோப்பின் உள்ளேயே பதிந்திருப்பது. ஒரே கோப்புக்குள் அதன் பிரதிகள் சேர்ந்து மாறும். வேறு கோப்பில் ஒட்டிய பிரதிக்கு அந்த மாற்றம் போய்ச் சேராது. 2014 ஜனவரியில் வெளிவந்த 14.2 பதிப்பில்தான் வெளிக்கோப்பைச் சுட்டும் லிங்க்டு ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் சேர்க்கப்பட்டது.

இப்போது எங்கள் முறை இதுதான். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ‘பொது’ என்று ஒரு கோப்புறை வைத்திருக்கிறோம். லோகோ, முகவரிப் பட்டை, சின்னங்கள் ஆகியவை ஒவ்வொன்றும் அதில் ஒரே ஒரு கோப்பாக இருக்கும். பேனர்களில் அவற்றை ஒட்டுவதில்லை. ஃபைல் பட்டியலிலுள்ள ‘பிளேஸ் லிங்க்டு’ கொண்டே வைக்கிறோம். மூலக்கோப்பை மாற்றினால் திறந்திருக்கும் பேனர்கள் தாமே மாறிவிடும். மூடியிருப்பவற்றைப் பிறகு திறக்கும்போது, மூலம் மாறிவிட்டது என்று லேயர் பலகையில் ஓர் எச்சரிக்கைக் குறி தோன்றும். உறங்கிக் கிடந்த எங்கள் பெருநாள் பேனரிலும் அந்தக் குறி இருந்திருந்தால், அந்த அம்மாவின் தூக்கம் கெட்டிருக்காது.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. பேனர் கோப்பு மாறினாலும், தளத்தில் ஏற்றிய ஜேபெக் படம் தானாக மாறாது. ஒவ்வொன்றையும் திறந்து, புதுப்பித்து, மீண்டும் எடுத்து ஏற்ற வேண்டும். பொதுக் கோப்புறையை இடம் மாற்றினால் இணைப்பு அறுந்துவிடும். பிறரிடம் வேலையை ஒப்படைக்கும்போது ‘பேக்கேஜ்’ கட்டளையால் சுட்டப்பட்ட கோப்புகளையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் பட்டே அறிந்தோம். ஒருநாள் எங்களில் ஒருவர், ஒரு பேனருக்குப் பொருந்தட்டும் என்று பொதுப்பட்டையின் நிறத்தை மாற்றிவிட்டார். அடுத்து திறந்து புதுப்பித்த பேனர்களிலெல்லாம் அந்த நிறம் ஏறிவிட்டது. நன்மை பரவும் வழியிலேயே தவறும் பரவும். அதன் பின், பொதுக் கோப்புறையில் கை வைக்குமுன் மற்றவரிடம் சொல்ல வேண்டும், மேசையிலுள்ள நோட்டில் தேதியிட்டு எழுத வேண்டும் என்று எங்களுக்குள் விதி செய்துகொண்டோம்.

இவை எல்லாவற்றையும்விட எளிய பாடம் ஒன்று உண்டு. மாறக்கூடிய எண்ணைப் படத்துக்குள் எழுதவே கூடாது. அதைப் பக்கத்தில் எழுத்தாகவே வைத்தால் ஒரே இடத்தில் மாற்றலாம், தேடியும் கண்டுபிடிக்கலாம். அந்தக் கடையின் பேனர்களில் இப்போது லோகோ மட்டுமே இருக்கிறது.

கடைக்காரர் எங்களை நம்பித் தந்தது ஓர் அமானிதம் என்று அறிந்திருந்தோம். அவர் கைவிட்ட எண்ணுக்குப் பின்னாலும் ஒருவர் இருப்பார், அவருக்கும் நம்மேல் ஓர் உரிமை உண்டு என்பதை அந்த அம்மாவிடமிருந்தே கற்றோம். பெருநாளன்று அவரை அழைத்து நலம் விசாரித்தோம். முதல் மணியிலேயே எடுத்தார். “மகன்னு நினைச்சேன்” என்று சொல்லிச் சிரித்தார். எங்களுக்காக துஆச் செய்வதாகவும் சொன்னார்.

இன்றும் ஒரு பேனரைத் தளத்தில் ஏற்றுமுன், நாங்கள் முதலில் பார்ப்பது அதன் அடிப்பகுதியைத்தான்.