கையெழுத்துப் பிரதி

அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட், 1923-ல் தன் 'நியூ ஹாம்ப்ஷயர்' தொகுதியில் 350 பிரதிகளுக்கு மட்டும் நம்பர் போட்டுக் கையெழுத்திட்டார். அதற்குப் பர்ஸைத் திறக்க இன்றைக்கும் ஆசாமிகள் உண்டு.

நம்மூரில் சி.சு. செல்லப்பா 1959-ல் 'எழுத்து' பத்திரிகை ஆரம்பித்தபோது, 2000 பிரதிக்கு மேல் அச்சடிப்பதில்லை என்று அறிவித்தார். பாவம், அத்தனை பேர் வந்தால்தானே! 1962-ல் ந. பிச்சமூர்த்தியின் 'காட்டு வாத்து' கவிதைகளையும் அவரே வெளியிட்டார். புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்ற மனிதர்.

அந்த முதல் பதிப்பு, காஞ்சிபுரம் பழைய பேப்பர் கடையொன்றில் வருமான வரி கைடுக்கு அடியில் கிடந்தது. பத்து ரூபாய்.

"கைடை எடுத்துக்குங்க சார், அதாவது யூஸாகும்" என்றார் கடைக்காரர்.

வீடு வரை பொறுக்கவில்லை. திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயிலில், 1387-ல் இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபத்தில் உட்கார்ந்து பிரித்தேன். கையெழுத்து இருந்தது! ஆனால் பிச்சமூர்த்தியுடையது அல்ல. முன்னால் இருந்த வெற்றுத் தாளில், நீல மசியில், யாரோ ஒரு பையன்: 'அப்பாவுக்குத் தெரியாமல் வாங்கியது.'

புத்தகம் சேர்க்கும் சென்னை நண்பர் புரட்டிப் பார்த்தார். "கிறுக்கல் இருந்தா மதிப்பு கம்மி. அந்தத் தாளை நறுவிசா எடுத்துடு. ஐயாயிரம் தர்றேன்."

மகளின் ஸ்கூல் ஃபீஸுக்குச் சரியாக ஐயாயிரம்தான் உதைத்தது. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு பிளேடை எடுத்தேன். அரை மணி நேரம் அந்த நீல எழுத்தையே பார்த்துக் கொண்டிருந்தேன். எந்த அப்பாவோ, என்ன அடி வாங்கினானோ!

பிளேடை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்து, அவன் வரிக்குக் கீழே எழுதினேன்: 'மனைவிக்குத் தெரியாமல் விற்காதது.'