இடக்கை வீரன்

விளையாட்டுச் சாமான் ஒன்றை வாங்குவது குறித்துக் கட்டுரை வரைதல் கலைப்பீட மாணவன் ஒருவனுக்கு அழகாகுமா என்று சிலர் வினவக்கூடும். நானும் என்னையே அவ்வாறு வினவிக்கொண்டேன். எனினும், கடந்த விடுமுறையில் ஏறக்குறைய மூன்று வாரங்களாகப் பாடநூல்களைக் காட்டிலும் என் சிந்தையை ஆட்கொண்டிருந்தது இவ்விடயமே. அதனை மறைத்து வேறொன்றை எழுதுவது நேர்மையாகாது.

திருமணமொன்றுக்காக இலண்டனிலிருந்து வரவிருந்த என் மாமாவின் மகன், வேண்டியது ஏதாவது இருந்தாற் கேள் என்றான். நின்ரென்டோ நிறுவனத்தாரின் செல்டா வரிசையில் வந்த 'ருவைலைற் பிறின்சஸ்' என்னும் பழைய வீடியோ விளையாட்டைக் கேட்டேன். பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணம் கையில் இருந்தது. இரண்டு நாள் கழித்து அவன் தொலைபேசியில் அழைத்தான்.

"எது வேணும் மச்சான்? மூண்டு இருக்கு. மூண்டையும் காவிக்கொண்டு வர ஏலாது. ஒண்டைச் சொல்லு."

சிக்கல் அங்கேதான் ஆரம்பமாயிற்று.

இவ்விளையாட்டு முதலிற் கேம்கியூப் என்னும் இயந்திரத்துக்கெனவே உருவாக்கப்பட்டது. 2004 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டுப் பின்னர் பிற்போடப்பட்டமையால், அது நிறைவெய்தும் வேளையில் வீ என்னும் புதிய இயந்திரமும் தயாராகிவிட்டது. ஆகவே 2006 நவம்பரில் வீயுடன் ஒரு வடிவமும், அடுத்த மாதத்திற் கேம்கியூப் வடிவமும் வெளிவந்தன. 2016 மார்ச்சில், வீ யூ இயந்திரத்துக்கெனப் படத்தெளிவு கூட்டிய மூன்றாம் வடிவம் வந்தது. கதை மூன்றிலும் ஒன்றே. ஓர்டன் என்னுஞ் சிற்றூரில் ஆடு மேய்க்கும் லிங்க் என்னும் இளைஞன், அந்தியின் நிழல் படிந்த இடங்களில் ஓநாயாகி, மிட்னா என்பவளை முதுகிற் சுமந்து நாட்டை மீட்கும் கதை அது.

கதை ஒன்றாயின் தெரிவிற் சிரமம் என்ன? விடை லிங்கின் கையிலே இருக்கிறது.

வீயின் கைக்கருவியை வாள்போல் வீசி விளையாட வேண்டும். பெரும்பாலானோர் அதனை வலக்கையிற் பிடிப்பர். லிங்க்கோ இடக்கையன். விளையாடுபவர் வலக்கையை வீசத் திரையிலே இடக்கை வீசுவது பொருந்தாதெனக் கண்ட ஆக்குநர், அவனது கையை மாத்திரம் மாற்றி அமையவில்லை. கண்ணாடியிற் காண்பதுபோல நாடு முழுவதையும் இடம் வலமாகத் திருப்பிவிட்டனர். கேம்கியூப் வடிவத்தில் மேற்கே கிடக்கும் கெருடோ பாலைவனம் வீ வடிவத்திற் கிழக்கே போயிற்று. 1998 இல் வந்த 'ஒக்கரினா ஒவ் ரைம்' என்னும் முந்திய விளையாட்டிலும் அப்பாலைவனம் மேற்கிலேயே இருந்தது.

இதனை நான் அறிந்துகொண்டதும் தற்செயலாகவே. நண்பன் ஒருவனின் அறையில் வீ வடிவத்தைச் சில மாலைகள் விளையாடியிருந்தேன். பின்னர் கேம்கியூப் வடிவத்தின் காணொளி ஒன்றைப் பார்த்தபோது, நான் வலப்புறமாகத் திரும்பிய பாதைகளெல்லாம் இடப்புறமாகத் திரும்பின. படம்பிடித்தவர் ஏதோ தவறிழைத்துவிட்டார் என்றே எண்ணினேன். லிங்கின் வாள் இடக்கையில் இருப்பதைக் கண்ட பிறகே, திருப்பப்பட்டது நான் விளையாடிய நாடு என்பது விளங்கிற்று.

நான் பிறவியில் இடக்கையன். ஏடு தொடக்கிய அன்று, தட்டத்திற் பரப்பிய பச்சையரிசியில் எழுத நான் நீட்டியது இடக்கையையாம். அருகிருந்த பெரியவர் அதனை மெல்ல ஒதுக்கிவிட்டு மற்றக் கையைப் பிடித்து 'அ' எழுதுவித்தார் என அம்மம்மா சொல்லிச் சிரிப்பார். பின்பு வீட்டிலே எனக்கு அதே பயிற்சிதான். "சோத்துக் கையாலை எழுது மோனை" என்பார் அம்மம்மா. அடித்தவர் எவருமில்லை, ஆனால் விட்டவரும் எவருமில்லை. இன்று நான் வலக்கையால் எழுதுகிறேன், வலக்கையால் உண்கிறேன். பந்தெறியும்போதும் கத்தரிக்கோல் எடுக்கும்போதும் மட்டும் பழைய கை முந்திக்கொள்கிறது. விரிவுரை மண்டபத்திற் குறிப்பெடுக்கையில் என் எழுத்து ஏன் இவ்வளவு கோணல் என்று கேட்ட நண்பர்களுக்கு நான் இக்காரணத்தைச் சொன்னதில்லை.

என் பொருட்டு உலகைத் திருப்ப எவரும் எண்ணவில்லை, கையைத் திருப்பினார்கள். விளையாட்டிலோ வலக்கையினரின் வசதிக்காக ஒரு நாடே திரும்பிற்று. இரண்டிலும் இடக்கை இல்லாமற் போயிற்று என்பதே எனக்கு உறுத்தியது. 2011 இல் வந்த 'ஸ்கைவேட் சோட்', 2017 இல் வந்த 'பிறெத் ஒவ் த வைல்ட்' ஆகியவற்றில் லிங்க் வலக்கையனாகவே வருகிறான். அதனால் எனக்குக் கேம்கியூப் வடிவமே வேண்டும் என்று தோன்றியது.

உணர்ச்சி ஒருபுறமிருக்க, வீ வடிவத்தின் நலன்களையும் நான் மறுப்பதற்கில்லை. கைக்கருவியைத் திரையை நோக்கி நீட்டி அம்பெய்வதில் உள்ள இன்பம் கேம்கியூப் வடிவத்தில் இல்லை. அகலத் திரைக்கேற்ற படமும் வீ வடிவத்துக்கே உரியது. கேம்கியூப் வடிவத்திலோ காட்சியை நாம் விரும்பிய பக்கம் திருப்பிப் பார்க்கலாம். வீயில் அவ்வசதி இல்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கேம்கியூப் கருவியை இரு கைகளாலும் பிடித்துப் பொத்தான்களை அழுத்துகிறோம். அங்கே இடக்கை வாளைக் கண்ணாற் காணலாமேயன்றிக் கையால் உணர முடியாது. வீயின் கருவியை நான் இடக்கையிற் பிடித்து வீசலாம். ஆனால் திரையிலே வலக்கை வீசும். உண்மையான இடக்கை வாள்வீச்சு எவ்வடிவத்திலும் எனக்குக் கிடையாது என்பதை உணர்ந்த இரவு, எதுவுமே வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்றும் நினைத்தேன்.

வீ யூ வடிவத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அதிலே லிங்க் மீண்டும் இடக்கையன். நாடும் பழைய திசையிலேயே உண்டு. கடினமான 'ஹீரோ' முறையைத் தெரிந்தெடுத்தால் மாத்திரம் எல்லாம் மறுபடி திரும்பிவிடும். படம் தெளிவானது, நாட்டுப்படத்தைக் கையிலுள்ள திரையிலேயே பார்க்கலாம். ஆயின் ஒவ்வொரு பகுதியிலும் சேர்க்கவேண்டிய ஒளித்துளிகள் 16 இலிருந்து 12 ஆகக் குறைக்கப்பட்டுள்ளன. பாடபேதம் பற்றி ஓராண்டு விரிவுரை கேட்டவனுக்கு இத்தகைய சுருக்கங்களில் ஐயம் எழுவது இயல்பே. நான்கு துளிகள் குறைந்ததாற் பலர் மகிழ்ந்திருக்கலாம். எனக்கென்னவோ முழுப் பதிப்பே வேண்டியிருந்தது. உண்மையில், இயந்திரத்தோடு சேர்த்து விலை பார்த்தபோது என் சேமிப்பு போதவில்லை என்பதும், அந்தக் கைத்திரை பழுதானால் இங்கே மாற்றுப் பெறுவது எளிதன்று என்பதும் பாடபேதத்தைவிடப் பெரிய காரணங்கள்.

முடிவில் ஒரு வழி கிடைத்தது. வீயின் முதல் வகை இயந்திரம் கேம்கியூப் வட்டுகளையும் ஏற்கும். அதன் மூடிகளின் கீழே கேம்கியூப் கருவிகளுக்கென நான்கு துளைகளும், நினைவட்டைக்கென இரண்டு துளைகளும் உண்டு. 2011 இல் வந்த பிந்திய வகையில் அவை நீக்கப்பட்டன. வெளித்தோற்றத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. ஆகவே இயந்திரத்தை வாங்குமுன் மூடிகளைத் திறந்து பார்க்கும்படியும், ஐரோப்பிய இயந்திரத்தில் ஐரோப்பிய வட்டே ஓடுமாதலின் இரண்டையும் அங்கேயே வாங்கும்படியும் எழுதினேன். கேம்கியூப் கருவி ஒன்றும் நினைவட்டை ஒன்றும் தனியே வேண்டும். வீயின் உள்நினைவகத்திற் கேம்கியூப் விளையாட்டைச் சேமிக்க முடியாது.

"ஒரு கேமுக்கு இவ்வளவு கரைச்சலோ?" என்று மச்சான் சினந்தான். காரணத்தைச் சொன்னேன். சற்று நேரம் அவன் பேசவில்லை. பின்பு, "நீ இடக்கையோ? எனக்கு இவ்வளவு நாளும் தெரியாதே" என்றான்.

திருமணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகப் பெட்டி வந்து சேர்ந்தது. நினைவட்டையை அவன் மறந்துவிட்டான். இயந்திரத்தை நிறுத்தினால் எல்லாம் அழிந்துவிடுமாகையால், விளையாட்டின் தொடக்கத்தையே நாலைந்து தடவை விளையாடியிருக்கிறேன். நேற்று அம்மம்மா பக்கத்திற் கதிரையைப் போட்டிருந்து பார்த்தார். ஓர்டன் ஊரில் லிங்க் வாளை உருவிய கணத்தில், "உந்தப் பெடியன் இடக்கையெல்லோ?" என்றார்.

"ஓம் அம்மம்மா" என்றேன்.

அவர் வேறெதுவும் சொல்லவில்லை. ஆடுகளைப் பட்டியில் அடைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.