கரை ஒதுங்கியவற்றின் சாட்சியம்

பழைய நூல்களில் 'ஓங்கல்' என்றால் உயர்ச்சி, மலையையும் குறிக்கும். தென்கடற்கரை மீனவர் வாயில் அதே சொல் டால்ஃபினுக்குப் பெயர். நீரைப் பிளந்து ஓங்கி எழுவதால் வந்த பெயர் என்றே நான் கொள்கிறேன். நெய்தல் திணையைப் பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவரும் எனக்கு இச்சொல்லைத் தந்தது அகராதியன்று. மணப்பாட்டுப் பக்கத்திலிருந்து படிக்க வந்த ஒரு மாணவி.

அவள் ஊர்க்கரையில் 2016 ஜனவரியில் நிகழ்ந்ததை நண்பர்கள் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். திருச்செந்தூருக்குத் தெற்கே ஆலந்தலை, கல்லாமொழி, மணப்பாடு எனப் பல இடங்களில் பைலட் திமிங்கிலங்கள் எண்பதுக்கும் மேல் கரையேறின. மீனவர்கள் இரவெல்லாம் நீரில் நின்று அவற்றைக் கடலுக்குள் தள்ளினர். தள்ளப்பட்டவற்றுள் சில மீண்டும் கரைக்கே வந்தன. 45 இறந்தன. குழி தோண்டிப் புதைத்தார்கள். 1973 ஜனவரியிலும் இதே கரைப்பகுதியில் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கியதாகக் கடல்மீன் ஆய்வாளர்களின் பதிவு உண்டு.

"தள்ளிவிட்டதும் ஏன் சார் திரும்பி வந்துச்சு? எங்க ஆச்சி, ஒண்ணுக்குச் சீக்குன்னா கூட்டமே கூட வரும்னு சொல்லுது" என்றாள் அந்த மாணவி. உரையாசிரியர் எவரிடமும் இதற்கு விடையில்லை. எனவே என் துறைக்குப் புறத்தே சென்று படிக்கத் தொடங்கினேன். ஆச்சியின் கூற்றை அறிவியலும் ஒரு விளக்கமாக ஏற்கிறது என்பதே முதல் வியப்பு. பைலட் திமிங்கிலங்கள் உறவுக் கட்டு மிக்கவை. நோயுற்ற ஒன்றைப் பின்பற்றி நலமுள்ளவையும் ஆழமற்ற நீரில் சிக்கிக்கொள்ளக்கூடும். ஆனால் அந்த ஒன்றுக்கு வந்த நோய் எது? அதை அதன் உடல்தான் சொல்ல வேண்டும்.

உடல் சொல்வதற்குக் கால எல்லை உண்டு. ஆய்வாளர்கள் ஒதுங்கிய விலங்கை ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிக்கிறார்கள்: உயிருள்ளது ஒன்று, எலும்பும் காய்ந்த தோலுமாய் எஞ்சியது ஐந்து. இரண்டாம் தரத்தில் கிடைத்தால் ஏறக்குறைய எல்லாவற்றையும் கேட்கலாம். தோலடிக் கொழுப்பின் தடிப்பு, பட்டினி கிடந்ததா என்பதைச் சொல்லும். பல்லை அறுத்தால், மரத்தின் வளையங்களைப் போன்ற படலங்கள் வயதைச் சொல்லும். உட்செவியைச் சில மணி நேரத்துக்குள் எடுத்துப் பதப்படுத்தினால், பேரொலியால் செவி கெட்டதா என்றும் அறியலாம். தாமதித்தால் செவிதான் முதலில் மௌனமாகும்.

மணப்பாட்டில் குழிகள் தோண்டப்பட்ட அதே மாதத்தில், ஸ்காட்லாந்தின் டைரீ தீவில் ஒரு பெண் ஓர்கா இறந்து ஒதுங்கியது. அதற்கு லூலு என்று பெயரிட்டிருந்தார்கள். மீன்பிடிக் கயிற்றில் சிக்கி மாண்டது என்பது உடனே தெரிந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. கொழுப்பைச் சோதித்தபோது கிலோவுக்கு 957 மில்லிகிராம் பிசிபி என்னும் வேதிப்பொருள் இருந்தது. தீங்கு தொடங்கும் அளவாகக் கொள்ளப்படுவது 9 மில்லிகிராம். மின்மாற்றிகளுக்காக மனிதர் செய்து, 1980களில் பிரிட்டனில் தடைசெய்யப்பட்ட பொருள் அது. லூலுவுக்கு வயது இருபதாவது இருக்கும். அது ஒருமுறையும் கன்று ஈன்றதில்லை என்று அதன் சூலகம் சொன்னது. அக்கூட்டத்தில் பல்லாண்டுகளாகக் கன்றே பிறக்கவில்லை. ஓர் இனக்குழு முடிவுக்கு வரும் காரணத்தை ஓர் உடல் சொல்லிவிட்டுப் போயிற்று.

இச்சாட்சியத்தால் சட்டமும் மாறியிருக்கிறது. 2002 செப்டம்பரில் கேனரித் தீவுகளுக்கருகே கடற்படைப் பயிற்சி நடந்தபோது 14 அலகுத் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. அறுத்துப் பார்த்தவர்கள் உறுப்புகளில் வாயுக் குமிழ்களைக் கண்டனர். ஆழத்திலிருந்து விரைந்து மேலேறும் முத்துக்குளிப்போருக்கும் மூழ்காளர்க்கும் நேரும் நோயை ஒத்தது அது. 2004இல் ஸ்பெயின் அப்பகுதியில் சோனார் பயன்பாட்டைத் தடுத்தது. அதன்பின் அத்தகைய கூட்டச் சாவு அங்கே நிகழவில்லை என 2013இல் ஆய்வாளர்கள் எழுதினர்.

பட்டினப்பாலையில் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு, அதில் தெய்வத்தை ஏற்றி வழிபடும் காட்சி வருகிறது. கடல்விலங்கின் எலும்பில் அவர்கள் ஓர் ஆற்றலைக் கண்டார்கள். ஆய்வுமேசையில் நிற்பவரும் ஏறத்தாழ அதையே செய்கிறார் என்று எனக்குப் படுகிறது. நாற்றத்தையும் தொற்றின் அச்சத்தையும் பொறுத்துக்கொண்டு, இறந்த உடலுக்குச் சொல்ல ஒன்று உண்டு என நம்புகிறார். டால்ஃபின்களைக் கொல்லும் மார்பிலி வைரசு நம் தட்டம்மைக் கிருமியின் உறவு. 1990களின் தொடக்கத்தில் மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான வரி டால்ஃபின்களை அது கொன்றது என நாம் அறிவதும் இந்நம்பிக்கையால்தான்.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அதைக் கண்ணீர் என்று மட்டும் இனி என்னால் பாடம் சொல்ல இயலாது. இரவெல்லாம் கழுத்தளவு நீரில் நின்று தள்ளிய பரதவரின் செயலும் இரங்கல். மண்ணை மூடுமுன் 'உனக்கு என்ன நேர்ந்தது' என்று பொறுமையாய்க் கேட்பதும் இரங்கல். முதலாவதில் நம் கரை மக்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இரண்டாவதற்குக் கத்தியும், குளிர்பெட்டியும், பயின்ற கைகளும், காலை விடியுமுன் வந்து சேரும் வண்டியும் வேண்டும். மன்னார் வளைகுடாவின் ஒவ்வொரு மீனவ ஊருக்கும் எட்டும் தொலைவில் இவை இருக்க வேண்டும் என்று கேட்பது தமிழாசிரியனின் வேலையா என நண்பர்கள் வினவலாம். கடலைத் திணையாக வகுத்த மொழியில் பாடம் நடத்துகிறவன் கேட்காமல் வேறு யார் கேட்பது?