இடுப்புலதான் இருக்கு சூட்சுமம்!

ஒரு சணல் சாக்குல வைக்கோலைத் திணிச்சு வாயைக் கட்டிக்கோங்க. எடை 16 பவுண்டு. அதாவது 7 கிலோவுக்குக் கொஞ்சம் மேல. நீளக் கைப்பிடி போட்ட இரும்புக் கவைக்கோலால அதைக் குத்தித் தூக்கி, தலைக்கு மேல இருக்கிற குறுக்குக் கம்பியைத் தாண்டி அந்தப் பக்கம் விழற மாதிரி வீசணும். ஒவ்வொரு உயரத்துக்கும் மூணு சான்ஸ். தாண்டிட்டா கம்பி இன்னும் மேல ஏறும். இந்த ஆட்டத்துக்குப் பேரு ‘ஷீஃப் டாஸ்’. ஸ்காட்லாந்து பாணி ‘ஹைலேண்ட் கேம்ஸ்’ போட்டிகள்ல, கட்டம் போட்ட ‘கில்ட்’ பாவாடை கட்டின மாமிச மலைகள் இதை ஆடறதைப் பார்க்கணுமே... நல்ல வீரர்கள் 30 அடியைத் தாண்டிடறாங்க. மூணு மாடி உயரம் பாஸ்!

‘இது அசல் ஹைலேண்ட் ஆட்டமே இல்லை, கிராமத்துச் சந்தை விளையாட்டு’னு முகம் சுளிக்கிறவங்களும் உண்டு. அயர்லாந்துலயும் இதை ஆடறாங்க. ஸ்பெயினோட பாஸ்க் பகுதியிலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. எங்கே ஆடினாலும் ஆரம்பம் என்னவோ களத்து வேலைதான். கீழே கிடக்கிற கட்டை, போர் மேல நிக்கிற ஆளுக்கு வீசணும். அவ்வளவுதான். அந்த வேலை நம்ம சேலம், நாமக்கல் பக்கமும் உண்டே! தை பிறந்து அறுப்பு முடியற நேரமாப் பார்த்து பஸ் ஏறிட்டேன்.

1997 வரைக்கும் ரெண்டும் ஒரே மாவட்டம். பஸ்ஸுல போனா ஏன்னு புரியும். சேலத்துல இருந்து ராசிபுரம் வழியா நாமக்கல் வரைக்கும் மரவள்ளிக் காடு, சோளத்தட்டு, நடுநடுவே கோழிப்பண்ணைக் கூரை... ஜன்னல்ல ஒரே படம்தான் ஓடுது. நாமக்கல்ல மலைக்கோட்டையைத் தாண்டி, லாரி பாடி கட்டற பட்டறைகளோட வெல்டிங் சத்தத்தையும் தாண்டி, பரமத்தி வேலூர்ப் பக்கம் இறங்கினா சீன் அப்படியே மாறுது. காவிரி! ராஜா வாய்க்கால் தண்ணியில வாழை, வெற்றிலைக் கொடிக்கால், நெல்லு. அந்த நெல்லோட வைக்கோலைத் தேடித்தான் வந்தேன்.

வயலுக்குள்ள போனா, கதிர் அறுக்கிற மெஷின் வேலையை முடிச்சிட்டுப் போயிருந்துச்சு. பின்னாடியே டிராக்டர்ல மாட்டின இன்னொரு மெஷின், வைக்கோலை உருட்டி உருட்டிக் கட்டாத் துப்பிக்கிட்டே போகுது. பாய் சுருட்டி வச்ச மாதிரி அழகான உருளைங்க. மூணு பேர் அதைக் கையாலயே லாரி மேல ஏத்திக்கிட்டிருந்தாங்க. கவைக்கோல் கிடையாது. வரப்பு மேல உக்காந்து மேற்பார்வை பார்த்துக்கிட்டிருந்த தாத்தாகிட்ட ஸ்காட்லாந்து கதையைச் சொன்னேன்.

“முப்பது அடியா? அத்தன ஒசரத்துல போரு போட்டா ஆரு கண்ணு மேல ஏறிப் புடுங்கறது?”

கேள்வியில நியாயம் இருக்கு!

அவர் இளவட்டமா இருந்த காலத்துல கட்டு வீசறதுக்குன்னே தனி ஆள் உண்டாம். “கையில தூக்குறவன் மத்தியானமே படுத்துக்குவான். காலு ரெண்டையும் அகட்டி நில்லு, முட்டிய மடக்கு, இடுப்புல ஒரு வெட்டு வெட்டு. கட்டு தானாப் போவும். கையி சும்மா வழி காட்டத்தானுங்க...” எந்திரிச்சு நின்னு, வெறும் கையாலயே செஞ்சும் காட்டினார். ஷீஃப் டாஸ் கோச் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாங்க. அவங்க ட்ரெயினிங் முழுக்க இடுப்புக்குத்தான். டெட்லிஃப்ட், ஸ்குவாட், பவர் க்ளீன், அப்புறம் ரெண்டு காலுக்கு நடுவுல இருந்து கனமான குண்டை மேல ஆட்டற கெட்டில்பெல் ஸ்விங். எண்ணிக்கை கம்மி, வேகம் ஜாஸ்தி. ஒரு செட் முடிஞ்சா ரெண்டு, மூணு நிமிஷம் ரெஸ்ட். போர் போடற வேலையில ரெஸ்ட்டுங்கிற பேச்சுக்கே இடமில்லை.

இன்ஜினீயரிங் மூளை சும்மா இருக்குமா? பஸ் டிக்கெட்டைத் திருப்பிக் கணக்குப் போட்டேன். சாக்கு கையை விட்டு, சாரி, கவைக்கோலை விட்டுக் கிளம்பறது சுமார் 2 மீட்டர் உயரத்துல. அங்கிருந்து 7 மீட்டர் மேல போகணும்னா கிளம்பற வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர். செலவாகற ஆற்றல் ஏறக்குறைய 500 ஜூல். இப்போ ஒரு 50 கிலோ மூட்டையை 1 மீட்டர் தூக்குங்க. அதுக்கும் ஏறக்குறைய அதே 500 ஜூல்தான்! வித்தியாசம் நேரத்துல இருக்கு. வீரர் கண் சிமிட்டற நேரத்துல அதைக் கொட்டித் தீர்த்துடறார். லோடுமேன் நிதானமா ஏத்தறார். ஆனா அவர் அதோட நிறுத்தறது இல்லையே... 10 டன் லாரின்னா 200 மூட்டை. நாலு பேர் பிரிச்சுக்கிட்டா தலைக்கு 50. அடுத்த லாரி பின்னாலயே ஹாரன் அடிக்குது.

அதைப் பார்க்க சேலத்துக்கே திரும்பி, செவ்வாய்ப்பேட்டை லீ பஜாருக்குப் போனேன். தலையில சும்மாடு, கையில கொக்கி, தோள்ல மூட்டை. பலகை மேல ஏறும்போது ஒருத்தர்கூட முதுகை வளைக்கலை. எந்த ஜிம் மாஸ்டரும் கத்துக்கொடுக்காத ஃபார்ம்! இந்த ஊர்ல எடையும் கம்மி கிடையாது. 1981-ல ஆரம்பிச்ச சேகோசர்வ்ல ஜவ்வரிசி விலை பேசறதே 90 கிலோ மூட்டைக் கணக்குல. ஆனா ஒரு ஆள் தூக்கற சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாதுன்னு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லயே பரிந்துரை பண்ணியாச்சு. நம்ம நாட்டுல யூரியா மூட்டை 50-ல இருந்து 45 கிலோ ஆனது 2018-ல. அதுவும் உரத்தை மிச்சப்படுத்தத்தான், முதுகை மிச்சப்படுத்த இல்லை.

டீக்கடையில ஒரு லோடுமேன் அண்ணன்கிட்ட பேச்சுக் கொடுத்தேன். வயசு 44. முழங்கால்ல பெல்ட் கட்டியிருந்தார். “நாப்பத்தஞ்சுக்கு மேல மூட்டைக்கு யாரும் கூப்பிட மாட்டாங்க தம்பி. கூட்டிப் பெருக்கற வேலைதான்.” கூலி மூட்டைக் கணக்குல. லீவு போட்டா அன்னிக்கு பூஜ்யம். அவரோட பையன் காலேஜ் படிக்கிறான். சாயங்காலம் மாசச் சந்தா கட்டி ஜிம்முக்குப் போறானாம்.

“எதுக்குடா காசு கட்டித் தூக்கறே, நம்மகிட்ட வந்தா காசு குடுத்துத் தூக்கச் சொல்றாங்களேன்னு கேட்டேன்... சிரிக்கிறான்.” அண்ணனும் சிரிச்சார். “ஆனா பஜார்ப் பக்கம் அவனை வர விடமாட்டேன். ஜிம்முல இறக்கி வைக்கலாம்னு தோணினா இறக்கி வச்சிடலாம். இங்க முடியாது.”

குறுக்குக் கம்பின்னதும் சேலத்துல எல்லாருக்கும் ஞாபகம் வர்றது பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுதான். 2016 ரியோ பாராலிம்பிக்ல 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினவர். அந்த ஊர்க்காரங்களுக்குக் கம்பி மேல சாக்கை வீசற ஆட்டம் பிடிக்காமலா போகும்? லோடுமேன் அண்ணன்கிட்ட 30 அடிக் கதையைச் சொன்னேன். டீ கிளாஸைக் கீழே வச்சிட்டு அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்:

“ஏழு கிலோ தானே? எத்தனை தடவை போடணும்?”

மூணு சான்ஸ்னு சொன்னேன். அதுக்குள்ள லாரி ஹாரன். சும்மாடை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார்.