நல்லாருக்குன்னு சொல்லித் தப்பிச்சுக்கிறவங்களுக்கு

ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவிலே இருக்கிற எங்க காலனிகளில் இப்போது பாட்டுப் பதியாத பிள்ளைகள் குறைவு. தறி ஓட்டுகிறவன், கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவள், ரிக் வண்டியோடு வடக்கே போய் மாசக்கணக்கில் தங்குகிறவன் எல்லாரும் போனில் பாடிப் பதிந்து அனுப்புகிறார்கள். "மாமா, கேட்டுட்டு எப்பிடியிருக்குதுன்னு சொல்லுங்க." தப்பட்டை அடித்த குடும்பம் என்பதாலும், கலைக்குழுவோடு பல வருசம் ஊர் ஊராகத் திரிந்தவன் என்பதாலும் இந்தக் கேள்வி என்னிடம் வருகிறது. இதற்கு என்ன பதில் சொல்கிறோம் என்பது நம் பண்பாட்டு அரசியலில் சின்ன விசயமில்லை.

வெளியே இவர்களுக்குக் கிடைக்கிற பதில் ரெண்டு விதம். ஒன்று, "என்னடா இது சத்தம்." இது பழகிப்போன வசவு. இன்னொன்று முற்போக்கு நண்பர்களுடையது. "அருமை தோழர்! எழுச்சி!" பாட்டு முடியும் முன்பே வந்து விழும். நாலு நிமிசப் பாட்டுக்கு ஒரு நிமிசத்தில் பாராட்டு வந்தால் என்ன அர்த்தம்? என் தாத்தா சாவு வீட்டில் ராத்திரி பூரா அடித்தார். கூலி கொடுத்தவர்கள் ஒருநாளும் அடி சரியா தப்பா என்று கேட்டதில்லை. கேட்காமல் பழித்ததும் கேட்காமல் புகழ்வதும் ஒண்ணுதான். ரெண்டிலும் காது நம்ம பக்கம் திரும்பலை.

ஆனால் நமக்குள்ளே விமர்சனம் இருந்தது, கறாராகவே இருந்தது. சின்னப்பையன் அடி தப்பினால் தாத்தா நிறுத்தமாட்டார். தன் அடியைக் கொஞ்சம் ஓங்கி அடித்து அவனைத் திரும்பிப் பார்ப்பார். தோல் தொய்ந்திருந்தால், "தூங்குது, எழுப்புடா" என்பார். வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சிக்கொண்டு வரணும். அந்தக் காதைத்தான் நாம் போனுக்கும் கொண்டுவர வேண்டும்.

பள்ளிபாளையம் பக்கத்துத் தம்பி ஒருத்தன், விசைத்தறி ஷிப்டு முடிந்து வந்து தொகுப்பு வீட்டுக்குள்ளே உட்கார்ந்து தப்பட்டையோடு பாடி அனுப்பினான். மூணு தடவை கேட்டேன். அடி எல்லாம் ஈரச்சாக்கைத் தட்டின மாதிரி 'பொத் பொத்' என்று இருந்தது. கையில் பலமில்லை என்று அவனே முடிவுகட்டிவிட்டான். தப்பட்டையை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் கிடைக்கிற ரெடிமேடு அடியைப் போட்டுக்கொள்ளப் போவதாகச் சொன்னான்.

கை காரணமில்லை. போனில் இருக்கிற மைக்கும் அதன் ஏற்பாடும் பெரும்பாலும் பேச்சுக்காகச் செய்தவை. ஓங்கின சத்தம் வந்தால் போன் தானாகவே அளவைக் குறைத்துக்கொள்ளும். அடியோடு சேர்ந்து பாட்டும் அமுங்கிப்போகும். இரைச்சலை நீக்கும் வசதி வேறு இருக்கிறது. பேச்சு இல்லாததை எல்லாம் இரைச்சல் என்று எடுத்து அது வடிகட்டப் பார்க்கும். நம்ம தப்பட்டையை ஊர்த்தெரு இரைச்சல் என்றது. மிஷினும் அதே கணக்கில் சேர்க்கிறது. மிஷினுக்குச் சாதி தெரியாது. செய்தவன் மனசில் எந்தச் சத்தம் இருந்தது, எது இல்லை என்பதுதான் கேள்வி.

அவனிடம் சொன்னது இவ்வளவுதான். போனை மடியில் வைக்காதே, பத்தடி தள்ளி வை. இரைச்சல் நீக்குகிற வசதியை அணைக்க முடிகிற ஆப்பில் பதிவு செய். வாய்ஸ் மெசேஜாக அனுப்பாதே, பைலாக அனுப்பு. கான்கிரீட் சுவர் சத்தத்தைத் திருப்பி அடிக்கும், ரெண்டு கம்பளியையும் பாயையும் தொங்கவிடு. பக்கத்துத் தறி ஓடாத நேரமாப் பாரு.

அடுத்த வாரம் வந்த பதிவில் அடிக்குச்சி தனியாகவும் சிண்டுக்குச்சி தனியாகவும் கேட்டது. அப்புறம்தான் அவன் கையைப் பற்றிச் சொன்னேன். ரெண்டாவது சரணத்தில் அவசரப்படுகிறான், பாட்டை அடி இழுத்துக்கொண்டு ஓடுகிறது. "இதை மொதல்லயே ஏனுங்க மாமா சொல்லலை?" என்றான். "மொதல்ல உன் கை எனக்குக் கேக்கவே இல்லையேடா."

காலேஜ் படிக்கிற ஒரு பிள்ளை, தன் பாட்டி பாடுகிற ஒப்பாரியைப் பாடி அனுப்பியது. படித்தவர் ஒருத்தர் அதைக் கேட்டுவிட்டு, 'ழ' வரவில்லை, கொச்சையாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். திருத்தி மறுபடியும் பதிந்தது; சுருதியைச் சரிசெய்கிற மென்பொருளையும் போட்டிருந்தது. ஒப்பாரியின் உயிர் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கி இறங்குவதில் இருக்கிறது. மென்பொருள் அந்த வழுக்கலைத் தப்பென்று எடுத்துப் படிக்கட்டாக வெட்டிவிட்டது. "முதல் பதிவுதான் பாட்டு, கண்ணு" என்றேன். "அப்ப அதுல தப்பே இல்லைங்கறீங்களா?" தப்பு இருந்தது. மூச்சு, சொல்லின் நடுவிலே அறுந்தது. நின்றுகொண்டு பாடியிருக்கிறது. பாட்டி தரையில் உட்கார்ந்து பாடுகிறவர். அவரிடமே போட்டுக்காட்டச் சொன்னேன். நான் கவனிக்காத இடத்தில் ஒரு உறவுப்பேர் மாறியிருந்ததைப் பாட்டி பிடித்துவிட்டார்.

மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று அறியப்பட்டவர், 2005-இல் இறந்தார். நாட்டுப்புற இசையை விடுதலைக்கான இசையாக எடுத்தவர். பாடுகிற சனங்கள் பாட்டை மாற்றிக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அவர் இசையைப் பற்றி ஜோயி ஷெரினியன் 2014-இல் தனிப்புத்தகமே எழுதியிருக்கிறார். அப்பாவு சொன்ன வழியில் பார்த்தால் விமர்சனம் என்பது மார்க் போடுவது இல்லை. பாட்டை மாற்றுகிற வேலையில் கூடச் சேர்ந்துகொள்வது. 2025-இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சந்தோசம்தான். ஆனால் விருது ஒரு ஆசானுக்கு ஒருநாள் கிடைக்கும். காலனிப் பையனின் பதிவைக் கடைசிவரை கேட்கிற காது தினமும் தேவை.

குரலில் உண்டு, வரியிலும் உண்டு விமர்சனம். நாமக்கல் பக்கத்துப் பையன் ஒருத்தன் நல்ல குரலில் 'ஆண்ட பரம்பரை' என்று ஒரு பாட்டு அனுப்பினான். தாளம் சுத்தம், பதிவும் சுத்தம். அதையெல்லாம் சொல்லிவிட்டு, "இதுல சாதிப்பேரை மட்டும் மாத்திட்டா, நம்மளை வெட்ட வர்றவன் பாட்டுடா இது. மூணாவது வரியில பொண்ணுங்களை வேற கேவலப்படுத்துறே" என்றேன். குரூப்பில் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் நாலு பேர் முன்னால் பட்ட அவமானம் போதும். தனியாகப் போன் போட்டுத்தான் சொன்னேன். கட் பண்ணிவிட்டான். ஆறு மாசமாகப் பேச்சில்லை. சொன்னதை நான் திரும்ப வாங்கப்போவதும் இல்லை.

தோழர்களே, உங்களுக்கும் இப்படிப் பதிவுகள் வரும். பதில் போடும் முன்னே முழுசாகக் கேளுங்கள். ஒருதடவை இயர்போனில், ஒருதடவை போன் ஸ்பீக்கரில். நம்ம சனம் ஸ்பீக்கரில்தான் கேட்கும். எந்த இடம் நன்றாக இருக்கிறது என்பதை நிமிசக் கணக்கோடு சொல்லுங்கள். குறை மிஷினிலா, அறையிலா, கையிலா, வரியிலா என்று பிரித்துச் சொல்லுங்கள். பத்துக் குறையை அடுக்காமல் ரெண்டைச் சொல்லுங்கள். நம்ம பேச்சையும் நம்ம தொண்டையையும் குறைப்பட்டியலில் சேர்க்காதீர்கள். கடைசியாக, "அடுத்ததை அனுப்பு" என்று சொல்லுங்கள். அனுப்பினால் அதையும் கேளுங்கள்.