பூவும் பட்ட மரமும்

வண்டு என்றதும் மலரை நினைப்பது தமிழ் மனத்துக்கு இயல்பு. குறுந்தொகையின் இரண்டாம் பாடலில் தலைவன் தும்பியை விளித்து, தலைவியின் கூந்தலினும் நறுமணமுள்ள பூ உண்டோ என வினவுகிறான். பூவைப் பற்றி வண்டிடம் கேட்ட நாம், வண்டு பிறந்த இடத்தைக் கேட்டதுண்டா? இவ்வினா எனக்கு எழுந்தது இலக்கிய வகுப்பில் அன்று. உயர்கல்வியின் பொருட்டு இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது, ஒரு காட்டோரப் பாதையிலேயாகும்.

கோடையில் அங்கே, நமது கொத்தமல்லிக்கு உறவான செடிகள் குடை விரித்தாற்போல் வெண்பூக்களைத் தாங்கி நிற்கும். அப்பூக்களின்மீது நெடுங்கொம்பு வண்டொன்று மகரந்தம் உண்டுகொண்டிருந்தது. கரிய முன்சிறகுகளில் நான்கு மஞ்சட் பட்டைகள். காண்போர் குளவியென அஞ்சுவர். ஆயினும் அதற்குக் கொடுக்கில்லை. குளவிக் கோலமே அதன் கவசம். லெப்துரா என்னும் சாதியைச் சேர்ந்தது அது. 1758 இல் லினேயசு வழங்கிய அப்பெயர், கிரேக்கத்தில் ஒடுங்கிய வால் எனப் பொருள்படும். பின்னோக்கி ஒடுங்கும் அவ்வுடலுக்கு அது பொருத்தமான பெயரே.

பூவில் நாம் காணும் இவ்வண்டின் வாழ்வு சில வாரங்களே. அதற்குமுன் இரண்டாண்டுகளோ அதற்கு மேலோ, வெண்ணிறக் குடம்பியாய், உக்கிய மரத்தைக் குடைந்து தின்று அது இருளில் வளர்கின்றது. பூந்துகள் சுமந்து திரிந்த பெண்வண்டும் முட்டையிடுவதற்குப் பட்ட மரத்தையே நாடுகின்றது. தேனும் மகரந்தமும் ஈயும் மலர் அதன் விருந்தகம். உக்கும் மரமே தாய்வீடு.

பட்ட மரம் விறகுக்கன்றி வேறெதற்கும் உதவாது என்ற எண்ணம் ஊறிய சூழலில் வளர்ந்தவன் நான். பயனற்றவனைப் பட்ட மரம் என்றே ஏசுவோம். ஐரோப்பியரும் காடுகளைத் துப்புரவாக்குவதாக எண்ணி முதிர்ந்த மரங்களையும் வீழ்ந்த மரங்களையும் நெடுங்காலம் அகற்றினர். அதன் விளைவை இன்று காண்கின்றனர். உக்கிய மரத்தை நம்பி வாழும் வண்டினங்களுள் மதிப்பிடப்பட்டவற்றில் ஏறத்தாழ 18 வீதமானவை அழியும் அபாயத்தில் உள்ளன என 2018 இல் வெளியான ஐரோப்பியச் செம்பட்டியல் கூறுகின்றது. நான் கண்ட இனம் இன்னும் பரவலாக வாழ்கின்றது. அத்தகைய வாழ்வுடைய வேறு பல இனங்களுக்கு அப்பேறு இல்லை.

மலரை மட்டும் காப்பவன் வண்டைக் காத்தவனாகான். நமது அழகுணர்ச்சி மலரோடு நின்றுவிட்டது; அது சற்றுக் கீழிறங்கி, உக்கி மண்ணாகும் மரத்தையும் தொடவேண்டும். பட்டதென்று நாம் ஒதுக்கிய மரத்துள் அடுத்த கோடைக்குரிய வண்டு இப்பொழுதும் வளர்ந்துகொண்டிருக்கலாம்.