மீனுக்கு ஏசி

"தஞ்சாவூர்ல மனுசனுக்கே ஏசி இல்ல, மீனுக்கு ஏசியாடா?" இது எங்கப்பா. அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கு :-)

மேட்டர் இதுதான். வீட்டில் 500 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். ஆணி புடுங்கிய நேரம் போக மிச்சமெல்லாம் அதுக்குத்தான். ரெண்டு கோமாளி மீன், நண்பர் தொட்டியில் வளர்த்துப் பிரித்துக் கொடுத்த கொஞ்சம் மென்பவளம். இதைப் பத்திப் படித்தால் முதலில் ஹீட்டர் வாங்கச் சொல்கிறார்கள். எழுதுகிறவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். நமக்கு மார்கழி ராத்திரியில் நாலு நாள் ஓடினால் அதிகம். மே மாசம் அறையே 34 டிகிரி. பவளத்துக்கு 25, 26 தான் சுகம். ஆக, நம்மூரில் சூட்டை வெளியே தள்ளுவதுதான் பாடு.

முதல் வழி மண்பானை வழி. தண்ணீர் மேல் ஃபேன் காத்து பட்டால் ஆவியாகும், கூடவே சூடும் போகும். ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல். கணக்குப்படி 500 லிட்டரும் ஒரு டிகிரிக்கு மேல் குறையணும். ஆனால் விளக்கு, மோட்டார், அறைக்காத்து எல்லாம் திரும்ப ஏத்திக்கிட்டே இருக்கும். தினம் 7, 8 லிட்டர் குறையும். உப்பு ஆவியாகாது, அதனால் ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணிதான் ஊத்தணும்.

புழுக்கமான நாளில் இது எடுபடாது. அப்ப சில்லர். அது சூட்டை அழிக்காது. ஃபிரிட்ஜ் மாதிரி இங்கிருந்து எடுத்து அங்கே விடும். அதனால் ஜன்னலோரம் வைத்து வெளியே ஊத விட்டிருக்கிறேன். 26.5க்கு ஃபேன், 27.5க்கு சில்லர். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஃபேனும் மோட்டாரும் மட்டும். 2018 கஜா புயலப்போ டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒண்ணு திரும்ப வந்தால் இந்தத் தொட்டி தாங்காது.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதுக்குச் சோறு போடுது. வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தால், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துவிடும். சூடு இறங்கலைன்னா பட்டினியில் சாவுதான்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுத்தி 1998, 2010, 2016ல் பவளம் வெளுத்தது இப்படித்தான். 1986லேயே தேசியப் பூங்கா ஆக்கிட்டாங்க. காவல் போட்டு வலையைத் தடுக்கலாம், சூட்டை எப்படித் தடுக்கிறது? பூமியில் கூடுகிற வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடல்தான் வாங்கிக்குது. என் தொட்டிச் சூட்டை நான் ஜன்னலுக்கு வெளியே தள்ளிடறேன். கடல் எங்கே தள்ளும் மக்கா?

டிஸ்கி: கல்பவளம் 2001லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு. கடலிலிருந்து எடுப்பது குற்றம். யாராவது ரகசியமா வித்தா வாங்கிடாதீங்க.